மாறும் முகவரியும் மாறாத பெயரும்: வீட்டு இணைய இணைப்பில் நிலையான ஐபி முகவரியின் வரலாறு

நிலையான ஐபி முகவரி என்பது இணையத்தில் இணைந்துள்ள ஒரு கணினிக்கோ ரவுட்டருக்கோ மாறாமல் ஒதுக்கப்பட்டிருக்கும் எண் முகவரியாகும். மாறும் ஐபி முகவரி என்பது இணைப்பு ஏற்படும் வேளையில் சேவை நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து தற்காலிகமாக எடுத்துத் தரும் முகவரியாகும். இன்று வீடுகளுக்குத் தரப்படும் இணைய இணைப்புகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. படம் பார்ப்பதற்கும் செய்தி படிப்பதற்கும் இந்த வேறுபாடு ஒரு தடையும் இல்லை. ஆனால் வெளியூரில் இருந்தபடி வீட்டுக் கணினியைத் திறக்கவோ, வாசலில் பொருத்திய கண்காணிப்புக் கேமராவைப் பார்க்கவோ, சொந்த இணையதளத்தை வீட்டிலிருந்தே நடத்தவோ விரும்புவோர் உடனே இந்தச் சிக்கலைச் சந்திக்கின்றனர். தேடிச் செல்ல வேண்டிய முகவரி நேற்று ஒன்றாகவும் இன்று வேறாகவும் இருக்கிறது.

இது வெறும் தொழில்நுட்பக் குறைபாடு அன்று. முகவரிகள் எப்படிப் பங்கிடப்பட்டன, அவை எப்படிப் பற்றாக்குறையாயின, அந்தப் பற்றாக்குறையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பவற்றின் வரலாறு இதற்குள் அடங்கியுள்ளது.

முகவரியின் பணி

இணையத்தில் செல்லும் தகவல் சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் எண்களாக எழுதப்பட்டிருக்கும். வழியிலுள்ள ரவுட்டர்கள் பெறுநர் முகவரியைப் பார்த்து அடுத்த இடத்திற்கு அனுப்பி வைக்கின்றன. ஒருவர் ஒரு தளத்தைத் திறக்கும்போது அவர் வீட்டிலிருந்து கேள்வி புறப்படுகிறது. பதில் அவருடைய அனுப்புநர் முகவரிக்குத் திரும்பி வருகிறது. அந்த உரையாடல் முடியும் வரை முகவரி மாறாமல் இருந்தால் போதும்.

வெளியிலிருந்து ஒருவர் முதலில் பேசத் தொடங்க வேண்டுமானால் நிலைமை வேறு. அவருக்கு வீட்டின் முகவரி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர் பிறருக்குக் கடிதம் எழுதலாம். உறையின் பின்புறம் அன்றைய முகவரியை எழுதிவிட்டால் பதிலும் வந்துவிடும். ஆனால் பல ஆண்டுகளாகப் பார்க்காத நண்பர் அவருக்குத் தாமாகவே கடிதம் எழுத முடியாது. வீட்டு இணைய இணைப்பின் நிலையும் இதுவே.

எண்கள் தாராளமாக இருந்த காலம்

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்திற்கு முதல் செய்தி அனுப்பப்பட்டது. அக்காலக் கணினிகள் ஓர் அறையை அடைத்து நின்றவை. அவை இடம் மாறுவதில்லை. இரவும் பகலும் இயங்கின. எனவே ஒரு கணினிக்கு ஒரு நிலையான முகவரி என்பது இயல்பான ஏற்பாடாக இருந்தது.

1974-இல் வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் பல வலையமைப்புகளை ஒன்றிணைக்கும் நெறிமுறையை விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த ஐபி நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி 791 என்னும் ஆவணமாக வெளிவந்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் புதிய நெறிமுறைக்கு மாறியது.

இந்தப் பதிப்பில் முகவரியின் நீளம் 32 பிட். எனவே மொத்தம் 4,294,967,296 முகவரிகள் மட்டுமே இருக்க முடியும். சில நூறு கணினிகளே இணைந்திருந்த காலத்தில் நானூறு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் தீராத கடலாகத் தெரிந்தன. ஒரு சோதனை முயற்சிக்கு 32 பிட் போதும் என்று முடிவு செய்ததாகவும், அந்தச் சோதனை இவ்வாறு உலகையே இணைக்கும் என எதிர்பார்க்கவில்லை என்றும் செர்ஃப் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

பங்கீடும் தாராளமாகவே நடந்தது. 'ஏ' வகுப்பு ஒதுக்கீடு பெற்ற நிறுவனத்திற்கு 1,67,77,216 முகவரிகளும், 'பி' வகுப்புக்கு 65,536 முகவரிகளும், 'சி' வகுப்புக்கு 256 முகவரிகளும் கிடைத்தன. இடையில் வேறு அளவு இல்லை. ஆயிரம் கணினி வைத்திருந்த நிறுவனத்திற்கு 'சி' போதாது. 'பி' வாங்கினால் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவை வீணாகும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தனியாக ஓர் 'ஏ' வகுப்புத் தொகுதியையே பெற்றிருந்தது. பிற்காலத்தில் பல நாடுகளின் சேவை நிறுவனங்கள் முழுமைக்கும் கூட அவ்வளவு கிடைக்கவில்லை.

பெயரும் எண்ணும் பிரிந்த கதை

எண்களை மனிதர் நினைவில் வைப்பது கடினம். ஆகவே தொடக்கம் முதலே கணினிகளுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்னும் பட்டியலை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்த தகவல் மையம் ஒரே கோப்பாகப் பராமரித்தது. 'ஜேக்' என அழைக்கப்பட்ட எலிசபெத் ஃபைன்லர் அந்த மையத்தை வழிநடத்தினார். புதிய கணினியைச் சேர்க்க விரும்புவோர் மையத்திற்குத் தெரிவிப்பர். மையம் கோப்பைத் திருத்தும். மற்றவர்கள் அதை இறக்கிக் கொள்வர். கணினிகள் பெருகப் பெருக இந்த ஒற்றைக் கோப்பு முறை திணறியது.

தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மொக்காபெட்ரிஸ் 1983-இல் டிஎன்எஸ் எனப்படும் களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்ப் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும் இம்முறையின் திருத்திய வடிவம் 1987-இல் வெளியானது. ஒரு பெயருக்கான எண்ணை ஒருமுறை கேட்டறிந்த கணினி அதை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதையும் இம்முறையில் குறிப்பிட முடியும். எண் மாறினாலும் பெயர் மாறாமல் இருக்கலாம் என்ற வாய்ப்பு இவ்வாறு உருவாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து வீட்டுப் பயனர்களுக்குக் கைகொடுத்தது இந்த வாய்ப்பே.

தொலைபேசி வழியே வந்த இரவல் முகவரி

1990-களின் தொடக்கத்தில் மோடம் வழியாக வீடுகளுக்கு இணையம் வந்தது. பயனர் தொலைபேசியில் சேவை நிறுவனத்தை அழைப்பார். அங்குள்ள மோடம் ஒன்று பதிலளிக்கும். பேசி முடிந்ததும் இணைப்பு துண்டிக்கப்படும். எடுத்துக்காட்டாக, ஆயிரம் வாடிக்கையாளர் கொண்ட நிறுவனத்திடம் நூறு மோடம் இருந்தால் ஒரே நேரத்தில் நூறு பேர்தான் இணைய முடியும். எனவே நூறு முகவரிகள் போதும். வாடிக்கையாளருக்கு ஒன்று என ஆயிரம் முகவரி ஒதுக்குவது வீண்செலவு. 1992-இல் வெளியான ஐபிசிபி என்னும் துணை நெறிமுறை, இணைப்பு தொடங்கும் கணத்தில் முகவரியைப் பேசி முடிவு செய்ய வழிவகுத்தது. முகவரி வீட்டுக்குரியதாக அன்றி அழைப்புக்குரியதாக ஆனது.

இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கான எர்னெட் வலையமைப்பு 1986 முதல் உருவாகி வந்தது; சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சென்னையும் அந்த முதல் நகரங்களில் இடம்பெற்றது. 1998-இல் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்த பிறகு சேவை விரிவடைந்தது. தமிழ்நாட்டில் 'இன்டர்நெட் சென்டர்' என்ற பெயர்ப்பலகை தொங்கிய கடைகளும், கீச்சொலி எழுப்பிய மோடங்களும் பயன்படுத்தியவை இத்தகைய இரவல் முகவரிகளையே.

குத்தகை முறை

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் வேறொரு தேவை எழுந்தது. ஒவ்வொரு கணினியிலும் ஒருவர் உட்கார்ந்து முகவரியைத் தட்டச்சு செய்வது நடைமுறைக்கு ஒவ்வாததாயிற்று. 1985-இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகியோர் உருவாக்கிய பூட்பி நெறிமுறை கணினிக்கு முகவரியைத் தானாகத் தெரிவித்தது. அதன் வளர்ச்சியாக பக்னெல் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் டிராம்ஸ் எழுதிய டிஎச்சிபி நெறிமுறை 1993 அக்டோபரில் வெளிவந்தது. இன்று வழக்கிலுள்ள வடிவம் 1997 மார்ச் மாதத்தது.

டிஎச்சிபி முறையின் மையக் கருத்து குத்தகை. முகவரி குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் தரப்படுகிறது. குத்தகைக் காலம் 24 மணி நேரம் எனக் கொண்டால், வழக்கமான அமைப்பில் 12 மணி நேரம் ஆனதும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 21 மணி நேரம் ஆனபோது அருகிலுள்ள எந்த வழங்கியிடமாவது கேட்கும். அப்போதும் கிடைக்காமல் காலம் முடிந்தால் முகவரியைக் கைவிட வேண்டும். ரவுட்டர் தொடர்ந்து இயங்கும் வீடுகளில் முகவரி பல வாரங்கள் மாறாமல் இருப்பதும், நீண்ட மின்வெட்டுக்குப் பின் திடீரென மாறிவிடுவதும் இதனால்தான்.

அகன்ற அலைவரிசை வந்தபோது இணைப்பு எந்நேரமும் நிலைத்திருந்தது. அழைப்பு என்பதே இல்லாமல் போனதால் இரவல் முகவரிக்கான பழைய காரணமும் மறைந்தது. ஆயினும் வழக்கம் மறையவில்லை. 1999-இல் வெளியான பிபிபிஓஈ நெறிமுறை, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் பழைய தொலைபேசி முறையைப் புதிய கம்பியிலும் தொடரச் செய்தது. முகவரித் தொகுதிகளை ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு மாற்றுவது நிறுவனத்திற்கு எளிதாயிற்று. நிலையான முகவரி வணிக வாடிக்கையாளருக்குத் தனிக் கட்டணத்தில் விற்கும் பொருளாயிற்று.

ஒரு முகவரிக்குள் ஒரு குடும்பம்

1990-களின் தொடக்கத்திலேயே முகவரிகள் ஒருநாள் தீரும் என்பது அறிஞர்களுக்குத் தெரிந்துவிட்டது. 1993-இல் வகுப்பு முறை கைவிடப்பட்டு, தேவைக்கேற்ற அளவில் பங்கிடும் முறை வந்தது. 1994 மே மாதத்தில் கெல்ட் எகவாங், பால் ஃபிரான்சிஸ் ஆகியோர் என்ஏடி எனப்படும் முகவரி மாற்று முறையை விவரித்தனர். வீட்டுக்குள் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே முகவரி தெரியும், உள்ளே 192.168 எனத் தொடங்குவன போன்ற தனிமுகவரிகள் புழங்கும். எந்தக் கேள்வி எந்தக் கருவியிலிருந்து போனது என்பதை ரவுட்டர் ஒரு பட்டியலில் குறித்து வைத்து, பதிலை உரியவரிடம் சேர்க்கும்.

இதைக் குறுகிய காலத் தீர்வாகவே அந்த ஆவணம் முன்வைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது உலகின் பெரும்பாலான வீடுகளில் இயங்குகிறது. வெளியிலிருந்து தானாக வரும் பொட்டலத்திற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. யாருக்கு என்று தெரியாததால் ரவுட்டர் அதைத் தள்ளிவிடும். வீட்டுக் கணினியை வெளியிலிருந்து அடைய விரும்புவோர், குறிப்பிட்ட வாயில் எண்ணுக்கு வருவதைக் குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பு என்று ரவுட்டரில் கட்டளை எழுத வேண்டும். இதுவே 'போர்ட் ஃபார்வர்டிங்' எனப்படுகிறது.

மாறும் முகவரிக்கு மாறாத பெயர்

முகவரியை நிலைப்படுத்த முடியாவிட்டாலும் பெயரை நிலைப்படுத்தலாம் என்ற எண்ணம் 1990-களின் பிற்பகுதியில் செயல்வடிவம் பெற்றது. களப்பெயர்ப் பட்டியலைத் தொலைவிலிருந்து உடனுக்குடன் திருத்தும் முறையை பால் விக்ஸி உள்ளிட்டோர் 1997 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி 2136 ஆவணத்தில் வரையறுத்தனர். வீட்டுப் பயனருக்கான சேவைகள் பெரும்பாலும் இதைவிட எளிய வழியைக் கையாண்டன. வீட்டுக் கணினியிலோ ரவுட்டரிலோ ஒரு சிறு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். முகவரி மாறியதை அது கண்டவுடன், சாதாரண இணையப் பக்கத்தைத் திறப்பது போலவே சேவை வழங்கியைத் தொடர்பு கொண்டு புதிய எண்ணைச் சொல்லும். சேவை வழங்கி பெயருக்கு எதிரே எண்ணைத் திருத்தும். அந்த எண்ணைப் பிறர் ஒரு நிமிடம் போன்ற குறுகிய காலத்திற்கு மேல் நினைவில் வைக்கக் கூடாது என்றும் அறிவிக்கும். இதற்கு இயங்குநிலை டிஎன்எஸ் என்று பெயர்.

இச்சேவைகளில் மிகவும் அறியப்பட்ட டைன்டிஎன்எஸ், அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக் கல்லூரி மாணவர்களின் முயற்சியாக 1998-இல் தோன்றியது. ஜெரமி ஹிட்ச்காக் அதன் நிறுவனர்களில் ஒருவர். இலவசமாக நடந்த இச்சேவை தொடர 25,000 டாலர் தேவை என்று கோரியபோது பயனர்கள் 40,000 டாலருக்கு மேல் நன்கொடை தந்தனர். முகம் தெரியாத எளிய பயனர்கள் ஒரு பெயருக்காகத் தம் பணத்தைக் கொடுத்தார்கள் என்பது, வீட்டிலிருந்து இணையத்தில் ஒரு வாசல் வைத்துக்கொள்ளும் ஆசை எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டுகிறது. அதன் திருத்தல் முறையை ரவுட்டர் உற்பத்தியாளர்கள் தம் கருவிகளிலேயே பதித்தனர். நோ-ஐபி போன்ற பிற சேவைகளும் வளர்ந்தன.

இலவசப் பெயரின் ஏற்றமும் இறக்கமும்

பிறர் தரும் பெயரை நம்பி வாழ்வதில் இடர் உண்டு என்பதை 2014-ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் டைன் நிறுவனம் தன் இலவசக் கணக்குகளை முடித்துக்கொண்டது. பழைய பெயர்களையே நம்பியிருந்தவர்கள் பணம் கட்டவோ வேறிடம் தேடவோ நேர்ந்தது. ஜூன் 30 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்க நீதிமன்ற ஆணை பெற்று நோ-ஐபியின் இருபதுக்கும் மேற்பட்ட களப்பெயர்களைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. தீநிரல் பரப்புவோர் அப்பெயர்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் குற்றமற்ற ஏராளமான பயனர்களின் பெயர்களும் செயலிழந்தன. சில நாட்களில் பெயர்கள் திரும்ப ஒப்படைக்கப்பட்டன. மாறும் முகவரியோடு ஒட்டிக்கொள்ளும் பெயர் நல்லவருக்கும் தீயவருக்கும் ஒன்றுபோலவே பயன்படும் என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

2016 அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் மீது பெரும் தாக்குதல் நடந்தது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை உள்ளிட்ட பல தளங்கள் பல மணி நேரம் கிடைக்காமல் போயின. தாக்குதலில் ஈடுபடுத்தப்பட்டவை மிராய் என்னும் தீநிரல் தொற்றிய கண்காணிப்புக் கேமராக்கள், காணொளிப் பதிவுக் கருவிகள், ரவுட்டர்கள் ஆகியவை. உற்பத்தியாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து விடப்பட்டிருந்த கருவிகளே அந்நிரலுக்கு இரையாயின. வீடுகளை வெளியிலிருந்து அடைய உதவுவதற்காகப் பிறந்த நிறுவனத்தை, வெளியிலிருந்து அடையத்தக்கதாகக் கிடந்த எளிய கருவிகளைக் கொண்டே வீழ்த்தினர். அடுத்த மாதமே அந்நிறுவனத்தை வாங்கப்போவதாக ஆரக்கிள் அறிவித்தது. வாசல் வைப்பவர் பூட்டும் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இணைய வரலாற்றில் குறைவு.

முகவரிகள் தீர்ந்தன

உலகின் மையக் கையிருப்பிலிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்நிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் இறுதித் தொகுதியைத் தொட்டது. மற்ற வட்டாரங்களைவிட இங்கே பற்றாக்குறை முன்னதாக வந்தது. அதன் பிறகு ஓர் உறுப்பினருக்கு அத்தொகுதியிலிருந்து அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று வரம்பு வைக்கப்பட்டது. 2019-இல் இது 512 ஆகக் குறைந்தது.

முகவரி விற்பனைப் பொருளாகவும் மாறியது. 2011-இல் திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதாவது ஒரு முகவரியின் விலை 11 டாலர் 25 சென்ட். 2024 பிப்ரவரி முதல் அமேசான் மேகக் கணினிச் சேவை, ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. மாதம் ஏறத்தாழ மூன்றரை டாலர். ஒரு காலத்தில் விண்ணப்பித்தால் இலவசமாகக் கிடைத்த எண்ணின் இன்றைய வாடகை இது.

இரண்டாவது திரை

பற்றாக்குறைக்குச் சேவை நிறுவனங்கள் கண்ட வழி, வீட்டில் நடந்த முகவரி மாற்றத்தை நிறுவன அளவில் மீண்டும் ஒருமுறை செய்வதாகும். நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் இம்முறை சிஜிநாட் எனப்படுகிறது. இதற்கென 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான 41,94,304 முகவரிகள் 2012 ஏப்ரலில் தனியே ஒதுக்கப்பட்டன.

இந்தியாவில் முகவரிப் பதிவை 2012 முதல் ஐரின் என்னும் தேசியப் பதிவகம் கவனிக்கிறது. ஏப்நிக் வரம்புகளே இங்கும் செல்லுபடியாகும். அண்மைக் காலத்தில் கேபிள் டிவியிலிருந்து இணையத்துக்கு வந்த ஒரு சிறு நகர நிறுவனம் 512 முகவரிகளைப் பெற்று ஐயாயிரம் வீடுகளுக்கு இணைப்பு தருவதாகக் கொள்வோம். வீட்டுக்கு ஒரு பொது முகவரி கொடுப்பது கணக்கிலேயே முடியாது. இன்று பல ஊர்களில் ஃபைபர் இணைப்பு பெற்ற வீடுகள் இந்தத் திரைக்குப் பின்னால் இருப்பதற்கு இதுவே காரணம்.

இங்கே இயங்குநிலை டிஎன்எஸ் பயன்படாது. பெயர் சரியான எண்ணைக் காட்டும். ஆனால் அந்த எண் வீட்டுக்குரியது அன்று, பலருக்கும் பொதுவானது. போர்ட் ஃபார்வர்டிங் கட்டளையை வீட்டு ரவுட்டரில் எழுதினாலும் பொட்டலம் அதுவரை வந்து சேராது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வெளிமுகவரியும், முகவரி காட்டும் இணையதளம் சொல்லும் முகவரியும் ஒன்றாக இருந்தால் வீட்டுக்கு நேரடிப் பொது முகவரி உள்ளது. அவை வேறுபட்டால், குறிப்பாக முதலாவது 100.64 முதல் 100.127 வரையிலான எல்லைக்குள் இருந்தால், இடையில் இரண்டாவது திரை உள்ளது என்று அறியலாம்.

இதில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒரே முகவரியைப் பலர் பகிரும்போது ஒருவர் செய்த தவறு மற்றவர் மீது ஐயத்தை உண்டாக்கக்கூடும். முகவரியோடு வாயில் எண்ணையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2011-இல் வெளியான ஆர்.எஃப்.சி 6302 பரிந்துரைத்தது. குற்றவாளியை அடையாளம் காண்பதற்கு இம்முறை இடையூறாக இருப்பதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017-இல் கவலை தெரிவித்தது.

சுரங்க வழி

திரைக்குப் பின்னால் இருப்பவர் வெளியே போக முடியும். உள்ளே வரத்தான் தடை. ஆகவே வீட்டுக் கணினியே முதலில் வெளியே சென்று, நிலையான முகவரி கொண்ட வேறொரு கணினியுடன் இணைப்பை ஏற்படுத்தித் திறந்தே வைத்திருந்தால், அந்த இணைப்பின் வழியாக வெளியார் உள்ளே வரலாம். இதுவே சுரங்க வழி முறை. 1995-இல் ஃபின்லாந்தின் டாட்டு யிலோனென் உருவாக்கிய எஸ்எஸ்எச், 2001-இல் வெளிவந்த ஓபன்விபிஎன், 2020 மார்ச்சில் லினக்ஸ் கருநிரலில் சேர்ந்த வயர்கார்டு ஆகியவை இதற்குப் பயன்படும் கருவிகள். மாத வாடகைக்கு ஒரு சிறு மெய்நிகர் வழங்கியை எடுத்து, அதன் நிலையான முகவரிக்கு வருவதைச் சுரங்கத்தின் வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவோர் உண்டு. வீட்டு இணைப்பின் முகவரி எத்தனை முறை மாறினாலும் வெளியுலகுக்குத் தெரியும் முகவரி மாறாது.

இம்முறையில் செலவும் தாமதமும் சற்றுக் கூடும். இடையிலுள்ள கணினி நின்றால் வீடும் மறைந்துவிடும். இரவல் பெயருக்குப் பதிலாக இரவல் வாசல் எனலாம்.

மாறுவதால் வரும் நன்மை

நிலையான முகவரி எல்லாருக்கும் நல்லது என்று கூறிவிட முடியாது. மாறாத எண் ஒரு வீட்டின் இணையப் பழக்கங்களைப் பின்தொடர எளிதான அடையாளம் ஆகும். ஜெர்மனியில் நெடுங்காலம் வீட்டு டிஎஸ்எல் இணைப்புகள் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டிக்கப்பட்டுப் புதிய முகவரி பெற்றன. வழங்கி நடத்துவோர் இதை வெறுத்தனர். தனியுரிமை நாடுவோர் வரவேற்றனர். அந்நாட்டின் பாட்ரிக் பிரேயர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2016 அக்டோபர் 19 அன்று தீர்ப்பளித்தது. மாறும் முகவரியும் கூட, அதற்குரியவரை அறியச் சட்டப்படியான வழி தளம் நடத்துபவருக்கு இருக்குமானால், தனிப்பட்ட தரவாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். முகவரி மாறுவதே பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. எந்த நேரத்தில் எந்த முகவரி யாரிடம் இருந்தது என்னும் பதிவு சேவை நிறுவனத்திடம் இருக்கும்.

ஐபிவி6 தரும் வாய்ப்பு

பற்றாக்குறைக்கு நிலையான தீர்வாக ஐபிவி6 என்னும் ஆறாம் பதிப்பு 1995 டிசம்பரில் முன்வைக்கப்பட்டது. இதன் முகவரி நீளம் 128 பிட். மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 340-ஐத் தொடர்ந்து 36 சுழியங்கள். ஒரு வீட்டுக்கு வழங்கப்படும் மிகச் சிறிய தொகுதியிலேயே 1,84,46,74,40,73,70,95,51,616 முகவரிகள் உள்ளன. 2012 ஜூன் 6 அன்று உலகின் பெரிய இணைய நிறுவனங்கள் பல இதை நிரந்தரமாக இயக்கத் தொடங்கின. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பிறகு ஐபிவி6 பயன்பாடு வேகமாகப் பெருகியது. இன்று இதில் முன்னணியிலுள்ள நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

முகவரி மாற்றுத் திரை இல்லாததால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் நேரடி முகவரி பெறுகிறது. ஆயினும் சில நிறுவனங்கள் இத்தொகுதியையும் அவ்வப்போது மாற்றுகின்றன. தட்டுப்பாடே இல்லாத இடத்திலும் தட்டுப்பாட்டுக் காலத்து வழக்கம் தொடர்கிறது. வீடுகளுக்கு மாறாத தொகுதியைத் தருவதே சிறந்த நடைமுறை என்று ஐரோப்பியப் பதிவகத்தைச் சார்ந்த வல்லுநர்கள் 2017 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. தொகுதி மாறும் இடங்களில் இயங்குநிலை டிஎன்எஸ் மீண்டும் கைகொடுக்கிறது. அயலார் நுழையாதபடி ரவுட்டரின் தீச்சுவரைச் சரியாக அமைப்பது இங்கே கட்டாயம்.

வரலாறு உணர்த்துவது

இணையத்தை வடிவமைத்தவர்கள் அதில் இணையும் கணினிகளைச் சமமானவையாகக் கருதினர். எந்தக் கணினியும் கேட்கலாம்; எந்தக் கணினியும் கொடுக்கலாம். தொலைபேசி மோடம், குத்தகை முறை, முகவரி மாற்று, நிறுவன அளவிலான இரண்டாவது திரை என்று ஒவ்வொரு படியும் தனித்தனியே நியாயமான காரணத்தோடுதான் வந்தது. அவை ஒன்றுசேர்ந்தபோது வீடுகள் பெறுமிடமாகவும், பெருநிறுவனங்களின் தரவு மையங்கள் தருமிடமாகவும் பிரிந்தன. தன் வீட்டு நிழற்படங்களைத் தன் வீட்டுக் கணினியிலேயே வைத்து உறவினருக்குக் காட்ட விரும்பும் ஒருவர், அதற்காகப் பெயரையோ வாசலையோ பிறரிடம் வாங்க வேண்டியிருக்கிறது.

இன்று வீட்டு இணைப்பில் நிலையான அடையாளம் பெற நான்கு வழிகள் உள்ளன. சேவை நிறுவனத்திற்குக் கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி வாங்குவது முதல் வழி. பொது முகவரி கிடைத்தும் அது மாறிக்கொண்டே இருந்தால் இயங்குநிலை டிஎன்எஸ் போதுமானது. பொது முகவரியே இல்லாத இடத்தில் சுரங்க வழி உதவும். எதிர்முனையிலும் ஐபிவி6 இருக்குமானால் அதுவே நேரடியானது. எதைத் தேர்ந்தாலும் கடவுச்சொல்லை மாற்றுவதும், தேவையற்ற வாயில்களை மூடுவதும், கருவிகளின் மென்பொருளைப் புதுப்பித்து வைப்பதும் முதல் வேலையாக இருக்க வேண்டும்.